ஆன்டெனாவின் நீளத்தை அலைநீளம் எப்படித் தீர்மானிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் ரவுட்டருக்கு ஏரியல் வாங்குபவரும், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்கு வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வானொலிக் கருவி பொருத்துபவரும், மொட்டைமாடியில் கம்பி கட்டி அமெச்சூர் வானொலி (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) தொடங்க நினைக்கும் மாணவரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: ஆன்டெனா எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? “பெரிதாக இருந்தால் நல்லது” என்ற விடை பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது தவறு. சென்னையில் நாம் அன்றாடம் காணும் ஆன்டெனாக்களைக் கொண்டே இந்தப் பக்கம் அதற்கு விடை சொல்ல முயல்கிறது.

அலைநீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

வானொலி அலை வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்றிலும் அந்த வேகம் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. ஒரு முழு அதிர்வு நடந்து முடியும் நேரத்துக்குள் அலை கடக்கும் தொலைவே அலைநீளம். நடைமுறையில் 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும்.

சென்னை எஃப்.எம். ரெயின்போவின் அதிர்வெண் 101.4 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 2.96 மீட்டர். நெடுங்காலமாகச் சென்னை ‘ஏ’ நிலையத்தின் அடையாளமாக இருந்த 720 கிலோஹெர்ட்ஸுக்கு 416 மீட்டர். வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12 சென்டிமீட்டரை ஒட்டி வரும். மாடியில் உள்ள டி.டி.எச். தட்டு வாங்கும் அலைகளின் நீளமோ இரண்டரை சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது.

ஆன்டெனாவின் நீளத்துக்கும் அலைநீளத்துக்கும் ஏன் தொடர்பு இருக்க வேண்டும்? கம்பி என்றால் எல்லா அலையையும் வாங்காதா?

எந்த உலோகக் கம்பியும் எந்த அலையையும் ஓரளவுக்கு வாங்கும் என்பது உண்மைதான். அலை கடந்து போகும்போது அதன் மின்புலம் கம்பியில் உள்ள எலெக்ட்ரான்களை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அதற்கு நீள நிபந்தனை எதுவும் இல்லை. அந்த அசைவு எவ்வளவு எளிதாகத் திறனாக மாறிக் கேபிளுக்குள் வந்து சேர்கிறது என்பதில்தான் நீளம் நுழைகிறது.

நடுவில் வெட்டி, அந்த வெட்டில் கேபிளை இணைத்த ஒரு நேர்க்கம்பியை எடுத்துக்கொள்வோம். இதுவே டைபோல். நடுவிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் கம்பியின் நுனியை அடைந்ததும் மேலே செல்ல வழியில்லாமல் திரும்புகிறது. ஒவ்வொரு கையும் கால் அலைநீளம் இருந்தால், போகவும் வரவும் சேர்த்து அரை அதிர்வுக்கான நேரம் ஆகிறது. நுனியில் திரும்பும்போது மின்னோட்டத்தின் திசையும் தலைகீழாகிறது. ஆகவே, திரும்பி வரும் அலை நடுவை அடையும் கணத்தில், மூல மின்னோட்டத்தோடு படிநிலை ஒத்து (ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில் நிகழ) அதற்கு வலு சேர்க்கிறது. இவ்வாறு கம்பியில் நிலைத்த அலை ஒன்று உருவாகிறது. மீட்டப்பட்ட வீணைத் தந்தி தன் அடிப்படைச் சுரத்தில் அதிரும்போது இரு முனைகளும் அசையாமல் நிற்க, நடுப்பகுதி மிக அகலமாக அசைவதைப் போல, அரை அலை டைபோலில் மின்னோட்டம் இரு நுனிகளிலும் சுழியாகவும் நடுவில் உச்சமாகவும் இருக்கிறது. இந்த நிலையையே ஒத்ததிர்வு என்கிறோம்.

இந்நிலையில் கேபிளின் பக்கமிருந்து பார்த்தால், ஆன்டெனா ஏறக்குறைய 73 ஓம் மின்தடை போலத் தோன்றுகிறது. அது வெறும் தடை. மின்தேக்கியின் குணமோ மின்தூண்டியின் குணமோ அதில் கலந்திருப்பதில்லை. நம் ஊர்க் கேபிள் டி.வி. இணைப்புகளில் பயன்படும் 75 ஓம் கேபிளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. கம்பி குட்டையானால் மின்தேக்கியைப் போலவும், சற்று நீண்டால் மின்தூண்டியைப் போலவும் நடந்துகொண்டு, வந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். அரை அலைநீளத்துக்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை; இணைப்பு எளிதாவதே அதன் சிறப்பு. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் கீழே உள்ள பல கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

கால் அலை ஆன்டெனா என்று சொல்கிறார்களே, அது எப்படிப் பாதியிலேயே வேலை செய்கிறது?

டைபோலின் ஒரு கையை மட்டும் செங்குத்தாக நிறுத்தி, மற்றொரு கைக்குப் பதிலாகத் தரையையோ காரின் கூரையையோ பயன்படுத்தினால் அதுவே கால் அலை ஆன்டெனா. நல்ல மின்கடத்தும் பரப்பு ஆன்டெனாவின் பிம்பத்தைப் போலச் செயல்பட்டு, இல்லாத கையை ஈடுசெய்கிறது. மின்தடையும் பாதியாகி 36 ஓம் அளவுக்கு வருகிறது.

ஆகவே, “கால் அலை ஆன்டெனா வாங்கினேன், வேலை செய்யவில்லை” என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அதன் கீழே என்ன இருக்கிறது என்பதுதான். காந்த அடியுடன் வரும் கார் ஆன்டெனாவை மர மேசையில் வைத்தால், அதன் மறுபாதி இல்லாமலே போகிறது. கேபிளின் வெளிப்புறக் கவசமே அந்த வேலையை அரைகுறையாகச் செய்ய நேரிடுகிறது. ஓர் இரும்புத் தகட்டின் மேல் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மத்திய அலை ஒலிபரப்பில் உயர்ந்த கோபுரம் ஆன்டெனாவைத் தாங்குவதில்லை, கோபுரமே ஆன்டெனா. அது பீங்கான் காப்பின் மேல் நிற்கிறது. 720 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்பது 104 மீட்டர் உயரம். மறுபாதியாகச் செயல்பட, கோபுரத்தின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் செப்புக் கம்பிகளை மண்ணில் புதைக்கிறார்கள். 120 கம்பிகள் என்பது இத்துறையில் நெடுநாள் வழக்கம். நீளக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் தரையை மறப்பவர் பாதி ஆன்டெனாவை மறக்கிறார்.

கணக்கில் வரும் நீளத்தைவிட உண்மையான கம்பியை ஏன் குட்டையாக வெட்டுகிறார்கள்?

கம்பியின் நுனியில் மின்புலம் சட்டென்று முடிவதில்லை. சற்று வெளியே பரவி நிற்கிறது. அதனால் மின்னியல் கணக்கில் கம்பி தன் உடல் நீளத்தைவிடக் கொஞ்சம் நீண்டதாக நடந்துகொள்கிறது. அதைச் சரிக்கட்ட ஏறத்தாழ 5 விழுக்காடு குறைத்து வெட்டுவது வழக்கம். அரை அலைக்கு 150-ஐ அதிர்வெண்ணால் வகுப்பதற்குப் பதிலாக 142.6-ஐ வகுப்பது இதனால்தான். கம்பி தடிக்கத் தடிக்க இந்தக் குறைப்பு கூடும். மெல்லிய கம்பிக்குக் குறையும். பிளாஸ்டிக் உறை போட்ட வயரிங் கம்பியைப் பயன்படுத்தினால் இன்னும் சில விழுக்காடு குறைக்க வேண்டியிருக்கும்.

இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் நேர்கிறது. கோஆக்சியல் கேபிளுக்குள் அலை ஒளியின் வேகத்தில் 66 முதல் 85 விழுக்காடு வேகத்தில்தான் செல்கிறது என்று படித்தவர்கள், அந்த எண்ணை ஆன்டெனாக் கம்பிக்கும் பொருத்தி மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறார்கள். அந்த எண் கேபிளுக்குள் நிரம்பியிருக்கும் பாலித்தீனுக்கு உரியது. காற்றில் தொங்கும் கம்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆன்டெனாவின் நீளம் கூடினால் சிக்னலும் கூடுமா?

குட்டையான கம்பியை அரை அலை வரை நீட்டிக்கொண்டு போகும்போது கூடும். அந்த எல்லைக்குப் பிறகு கதை மாறுகிறது. அரை அலை டைபோலை அப்படியே இரட்டித்து முழு அலை ஆக்கினால், நடுவில் மின்னோட்டம் ஏறக்குறைய சுழியாகி, அங்கே ஆயிரக்கணக்கான ஓம் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பு) தோன்றுகிறது. 75 ஓம் கேபிளை அங்கே இணைத்தால் ஆற்றலில் பெரும்பகுதி திரும்பிவிடும். இன்னும் நீட்டினால் கம்பியின் வெவ்வேறு பகுதிகளில் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடத் தொடங்கி, கதிர்வீச்சு பல கூறுகளாகப் பிரிகிறது. சில திசைகளில் வலுவாகவும் சில திசைகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் போகிறது.

நீண்ட ஆன்டெனாவால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சரியான இடங்களில் படிநிலையைத் திருத்தும் சுருளோ வளைவோ வைத்து, அரை அலைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அவை ஒன்றுசேர்ந்து அடிவானத்தை நோக்கி ஆற்றலைக் குவிக்கும். காசிமேட்டுப் படகுகளில் காணும் உயரமான வெள்ளை ஃபைபர் கிளாஸ் ஆன்டெனாக்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. கடல்சார் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலின் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதற்கு அரை அலை என்பது ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. வெளியே தெரியும் இரண்டரை மீட்டர்க் குழல் அந்தக் கணக்குக்கு மாறானதாகத் தோன்றினாலும், உள்ளே இருப்பது அடுக்கப்பட்ட அரை அலைகள்தான்.

மத்திய அலையின் நீளம் 416 மீட்டர் என்றால், கைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர் அதை எப்படி வாங்குகிறது?

இந்தப் பக்கத்திலேயே மிக நல்ல கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். நீளத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் இதற்கான விடையில் தீர்ந்துவிடும்.

டிரான்சிஸ்டரின் மேல்புறத்தில் விரல் நீளக் கரிய ஃபெரைட் தண்டு ஒன்று இருக்கும். அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அது அலையின் மின்புலத்தைக் காட்டிலும் காந்தப்புலத்தையே முதன்மையாக வாங்குகிறது. ஒத்ததிர்வைக் கம்பியின் நீளம் தருவதில்லை. சுருளும், நாம் திருகும் கேங் கண்டன்ஸரும் (மாற்றத்தக்க மின்தேக்கி) சேர்ந்து தருகின்றன. நிலையத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் நாம் உண்மையில் ஆன்டெனாவையே மறுபடி இசைவுபடுத்துகிறோம். தண்டின் நுனி ஒலிபரப்புக் கோபுரத்தை நோக்கினால் ஒலி மங்கும்; பக்கவாட்டில் திரும்பினால் தெளியும். இலங்கை வானொலி கேட்பதற்காக டிரான்சிஸ்டரை மேசைமேல் திருப்பித் திருப்பி வைத்த தலைமுறைக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் இவ்வளவு சிறிய ஆன்டெனா வாங்கும் ஆற்றல் மிகமிகக் குறைவு அல்லவா? குறைவுதான். ஆயினும், மத்திய அலை வரிசையில் மின்னல்களாலும் நகரத்து மின்சாதனங்களாலும் எழும் இரைச்சல் மிக அதிகம். பெரிய ஆன்டெனா சிக்னலையும் இரைச்சலையும் ஒரே விகிதத்தில் கூட்டும். சிறியது இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். குறைந்துபோனதை உள்ளே இருக்கும் பெருக்கி ஈடுகட்டிவிடும். கேட்பவருக்கு முக்கியமானது சிக்னலின் அளவைவிட, இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு என்பது. அந்த விகிதம் பெரிதாகக் கெடுவதில்லை.

ஒலிபரப்புபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. 720 கிலோஹெர்ட்ஸில் ஒரு மீட்டர்க் குச்சியைத் தரைமேல் நிறுத்தி ஒலிபரப்ப முயன்றால், அதன் கதிர்வீச்சுத் தடை (திறன் அலையாக வெளியேறுவதைக் குறிக்கும் மின்தடை) 0.0023 ஓம் அளவுக்கே வரும். அதை இசைவுபடுத்தும் சுருளிலும் மண்ணிலும் சேர்ந்து 10 ஓம் இழப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 வாட் செலுத்தினாலும் அலையாக வெளியேறுவது ஏறத்தாழ 23 மில்லிவாட், மீதியெல்லாம் வெப்பமாகிவிடும். அதனால்தான் வாங்கும் கருவி சட்டைப்பையில் அடங்க, அனுப்பும் ஆன்டெனா நூறு மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. நீள விதி இருவருக்கும் பொதுவானது என்றாலும், அதை மீறுவதற்கான தண்டனை அனுப்புபவர் மீதே பெரிதும் விழுகிறது.

அலைநீளம் கிலோமீட்டர் கணக்கில் இருந்தால் அனுப்புபவர் என்ன செய்வார்?

திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நல்ல எடுத்துக்காட்டு. நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப இந்தியக் கடற்படை அங்கே மிகத் தாழ் அதிர்வெண்ணைப் பயன்படுத்துகிறது. அதிர்வெண் தாழத் தாழத்தான் அலை கடல்நீருக்குள் சில மீட்டராவது இறங்கும். 18 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 16 கிலோமீட்டரைத் தாண்டும். கால் அலைக் கோபுரம் வேண்டுமென்றால் 4 கிலோமீட்டர் உயரத்துக்குக் கட்ட வேண்டும்.

அது நடவாது என்பதால், சில நூறு மீட்டர்க் கோபுரங்களை எழுப்பி, அவற்றின் உச்சியிலிருந்து கம்பிகளைக் கிடைமட்டமாக விரிக்கிறார்கள். உச்சியில் விரிந்த இந்தக் கம்பிகள் பெரிய மின்தேக்கியாகச் செயல்படுகின்றன. அதனால் செங்குத்துப் பகுதியில் மின்னோட்டம் நுனி வரை குறையாமல் ஓடுகிறது. அப்படியும் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமுக்கும் கீழேதான் நிற்கும். ஆகவே தரைக்கம்பிகளிலும் சுருள்களிலும் இழப்பைக் குறைப்பதே இங்கு முழு வேலையும்.

கைப்பேசியில் எஃப்.எம். கேட்க இயர்போன் ஏன் செருக வேண்டும்?

எஃப்.எம். வரிசையில் கால் அலை என்பது 75 சென்டிமீட்டர் அளவு. கைப்பேசிக்குள் அதற்கு இடமில்லை; ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இயர்போன் வயர் அந்த வேலையைச் செய்கிறது. வயரைச் சுருட்டிப் பையில் போட்டால் இரைச்சல் கூடுவதும் இதனால்தான். டிரான்சிஸ்டரில் நீட்டி மடக்கும் ஏரியலும் எஃப்.எம்., சிற்றலை ஆகியவற்றுக்கு உரியது. மத்திய அலை கேட்கும்போது அதை எவ்வளவு நீட்டினாலும் பெரும்பாலான கருவிகளில் எந்த மாற்றமும் இராது.

சென்னையின் எஃப்.எம். நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி நீளம் வேண்டுமா?

வேண்டாம். அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸிலும் ஹலோ எஃப்.எம். 106.4 மெகாஹெர்ட்ஸிலும் இருந்தாலும், இரண்டுக்கும் இடையே அலைநீள வேறுபாடு அரை மீட்டரைத் தொடவில்லை. வரிசையின் நடுப்பகுதிக்கு, அதாவது 98 மெகாஹெர்ட்ஸுக்கு, 1.45 மீட்டர் மொத்த நீளத்தில் அலுமினியக் குழாயில் ஒரு டைபோல் செய்தால் எல்லா நிலையங்களும் நன்றாகவே வரும். தடித்த குழாய் மெல்லிய கம்பியைவிட அகன்ற அதிர்வெண் பட்டைக்கு இசையும் என்பது கூடுதல் வசதி. நகருக்குள் இருப்பவர் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் சேர்க்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. பல வலுவான நிலையங்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் பூஸ்டர் திணறி, இல்லாத இடத்திலெல்லாம் நிலையங்களைக் காட்டும்.

பழைய டி.வி. ஆன்டெனாவில் கம்பிகள் ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் இருந்தன?

ஜப்பானில் 1926-இல் ஹிடெட்சுகு யாகியும் ஷின்டாரோ உடாவும் வெளியிட்ட அமைப்பு அது. கேபிள் இணைக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு கம்பியில்தான். அது அரை அலை டைபோல், பெரும்பாலும் மடித்த வடிவில் இருக்கும். அதன் பின்னால் உள்ள கம்பி ஏறத்தாழ 5 விழுக்காடு நீளமானது. முன்னால் உள்ளவை சற்றுக் குட்டையானவை. அரை அலையைவிட நீண்ட கம்பி மின்தூண்டி போலவும் குட்டையானது மின்தேக்கி போலவும் நடந்துகொள்கிறது என்று மேலே பார்த்தோம். அந்தச் சிறிய வேறுபாட்டால் அவற்றில் தூண்டப்படும் மின்னோட்டத்தின் படிநிலை மாறி, முன்புற அலைகள் ஒன்றுசேர்கின்றன, பின்புற அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. சில சென்டிமீட்டர் வேறுபாட்டைக் கொண்டே திசையை உருவாக்கும் இந்த உத்தியைவிட மலிவான, அழகான ஒன்றை ஆன்டெனாத் துறையில் காண்பது அரிது.

மடித்த டைபோலின் இம்பீடன்ஸ் சாதாரண டைபோலைப் போல நான்கு மடங்கு, அதாவது 300 ஓமுக்கு அருகில். அக்காலத்துத் தட்டை ரிப்பன் கேபிளும் 300 ஓம்தான். இரண்டும் நேரடியாகப் பொருந்தின.

டி.டி.எச். தட்டின் விட்டத்துக்கும் அலைநீளத்துக்கும் இதே கணக்குதானா?

இல்லை. தட்டு ஆன்டெனா அல்ல, அது அலைகளைத் திருப்பிக் குவிக்கும் கண்ணாடி. ஒத்ததிர்வு நடப்பது தட்டின் முன்னால் நிற்கும், குவிந்த அலையை வாங்கும் எல்.என்.பி. கருவியின் வாய்க்குள் இருக்கும் ஓரிரு சென்டிமீட்டர் அமைப்பில்தான். தட்டைப் பொறுத்தவரை பெரியது உண்மையிலேயே நல்லது: விட்டம் எத்தனை அலைநீளம் என்பதைப் பொறுத்துத் தட்டு ‘பார்க்கும்’ கற்றை குறுகுகிறது. 60 சென்டிமீட்டர்த் தட்டும் இரண்டரை சென்டிமீட்டர் அலையும் சேர்ந்தால் கற்றையின் அகலம் ஏறக்குறைய 3 பாகை. காற்றில் தட்டு சற்றே அசைந்தாலும் படம் போய்விடுவதற்கு இதுவே காரணம்.

கேபிள் டி.வி. நடத்துபவர்களின் மாடிகளில் உள்ள பெரிய தட்டுகள் சில வலைக்கம்பியால் ஆனவையாக இருக்கும். அவை வாங்கும் சி-பேண்ட் அலையின் நீளம் 7.5 சென்டிமீட்டர் அளவு. வலையின் ஓட்டை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்வரை அலைக்கு அது கெட்டித் தகடு போலவே தெரியும். காற்று மட்டும் ஊடுருவிச் செல்லும்; புயல் அடிக்கும் கடலோர நகரத்தில் அது சிறிய ஆதாயமல்ல.

இரண்டு முறைகளும் ஒன்றுசேர்ந்த இடம் ஊட்டி வானொலித் தொலைநோக்கி. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள கம்பிப் பரப்பு அலைகளைக் குவிக்க, குவியும் கோட்டில் 1,056 டைபோல்கள் வரிசையாக நின்று வாங்குகின்றன. அதன் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர்.

அதிர்வெண் கூடினால் சிக்னல் குறைந்த தொலைவே போகும் என்கிறார்களே, காற்று அதை உறிஞ்சுகிறதா?

சுவரும் மழையும் மரமும் உயர் அதிர்வெண்ணைக் கூடுதலாகத் தடுப்பது உண்மை. வடகிழக்குப் பருவமழையின்போது டி.டி.எச். படம் உடைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் வெட்டவெளியில் காணும் வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் காற்று அல்ல, ஆன்டெனாவே சிறுத்துவிடுவதுதான்.

அரை அலை டைபோல் ஒன்று, தன்னைக் கடந்து போகும் அலையிலிருந்து எவ்வளவு பரப்பில் உள்ள ஆற்றலை வாங்குகிறது என்று கணக்கிடலாம். அந்தப் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தில் 0.13 பங்கு. 100 மெகாஹெர்ட்ஸில் இது ஒரு சதுர மீட்டருக்கும் மேல், 2.4 கிகாஹெர்ட்ஸில் வெறும் 20 சதுர சென்டிமீட்டர். இரண்டுமே ‘சரியான நீளமுள்ள’ அரை அலை டைபோல்கள்தான் என்றாலும், வாங்கும் ஆற்றலில் ஏறத்தாழ 580 மடங்கு வேறுபாடு. உயர் அதிர்வெண்ணில் சிறிய ஆன்டெனாக்கள் பலவற்றை வரிசையாக அடுக்குவது இந்த இழப்பை மீட்கத்தான். 5ஜிக்கு ஒதுக்கப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸில் அரை அலை என்பது 6 மில்லிமீட்டர்கூட இல்லை; ஆகையால் உள்ளங்கை அளவு பலகையில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அடுக்கிவிட முடிகிறது.

ஜி.பி.எஸ். ஆன்டெனா ஏன் ஒரு சதுரச் சில்லாக இருக்கிறது?

ஜி.பி.எஸ். அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அரை அலை 9.5 சென்டிமீட்டர். ஆனால் அந்தச் சில்லு இரண்டரை சென்டிமீட்டர்ச் சதுரம்தான். அது மின்காப்பு மாறிலி 20 அளவுள்ள பீங்கானால் ஆனது. அதற்குள் அலையின் வேகம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதால் அலைநீளமும் அதே அளவு சுருங்குகிறது. நீள விதி அங்கே மீறப்படவில்லை, அலைநீளம்தான் சுருக்கப்பட்டது.

ரவுட்டரின் ஏரியலைக் கழற்றிவிட்டு நீளமானதைப் பொருத்தினால் வைஃபை எல்லா அறைக்கும் எட்டுமா?

பெரும்பாலும் ஏமாற்றமே கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 3 சென்டிமீட்டர். கருப்புப் பிளாஸ்டிக் உறை எவ்வளவு நீளமாக இருந்தாலும் உள்ளே இருப்பது சில சென்டிமீட்டர்க் கம்பியாக இருக்கலாம். உண்மையிலேயே அடுக்கு டைபோல் வைத்த நீண்ட ஏரியலாக இருந்தால், அது ஆற்றலைக் கிடைமட்டத்தில் குவிக்கும். ஒரே தளத்தில் எட்டும் தொலைவு கூடும். மேல்மாடிக்குச் செல்லும் பங்கு குறையும். கான்கிரீட் சுவர்கள் நிறைந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ரவுட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றுவது எந்த ஏரியலைக் காட்டிலும் பயன் தரும்.

உயரம் முக்கியமா, நீளம் முக்கியமா?

இரண்டும் வேறுவேறு வேலையைச் செய்கின்றன. வி.எச்.எஃப்.பில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், எட்டும் தொலைவைப் பூமியின் வளைவு நிர்ணயிக்கிறது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் வரும். படகில் 4 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்கு 8 கிலோமீட்டர். கரையில் 36 மீட்டர் உயரத்தில் உள்ளதற்கு 25 கிலோமீட்டர். இரண்டும் பேசிக்கொள்ள ஏறத்தாழ 33 கிலோமீட்டர். படகில் ஆன்டெனாவை இன்னும் 2 மீட்டர் நீட்டுவதைவிட, இருப்பதை 5 மீட்டர் உயர்த்திக் கட்டுவதே பலன் தரும்.

சென்னையில் ஒரு கிரவுண்ட் வீட்டின் மாடியில் 40 மீட்டர் வரிசைக்கான டைபோல் கட்ட இடம் போதுமா?

போதும், மயிரிழையில். ஏறத்தாழ 40 மீட்டர் அலைநீளம் உள்ள இந்த அமெச்சூர் வரிசையின் நடுவில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோலின் நீளம் 20.1 மீட்டர். ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி. 40க்கு 60 அடி என்று இருந்தால் மூலைக்கு மூலை 72 அடி, அதாவது 22 மீட்டர். அரைக் கிரவுண்டாக, 20க்கு 60 அடியாக இருந்தால் மூலைவிட்டம் 19.3 மீட்டர்தான், அப்போது நுனிகளை மடித்துத் தொங்கவிட வேண்டியதுதான். மின்னோட்டம் நடுவில் உச்சமாகவும் நுனியில் சுழியாகவும் இருப்பதால் நுனிகளை மடிப்பதால் பெரிய இழப்பு இல்லை; நடுப்பகுதியை மட்டும் நேராகவும் உயரமாகவும் வைத்தால் போதும். நுனியில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்பதால், அனுப்பும் நேரத்தில் யார் கைக்கும் எட்டாதபடி கட்ட வேண்டும். தெரு மின்கம்பிகளின் மேல் விழக்கூடிய எந்த இடத்திலும் கம்பியையோ கம்பத்தையோ நிறுத்தக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. அலைபரப்ப மத்திய அரசின் அமெச்சூர் உரிமமும் தேவை.

80 மீட்டர் வரிசைக்கு ஏறக்குறைய 40 மீட்டர்க் கம்பி வேண்டும். ஒற்றை மனையில் அது அடங்காது; நடுவழியில் சுருள் சேர்த்துச் சுருக்கலாம். அப்படிச் சுருக்கினால் சரியாக இசையும் அதிர்வெண் பட்டை குறுகிவிடும், கொஞ்சம் ஆற்றலும் சுருளில் வெப்பமாகும்.

கேபிளின் நீளமும் அலைநீளத்துக்குப் பொருந்த வேண்டுமா?

ஆன்டெனாவும் கேபிளும் கருவியும் ஒரே இம்பீடன்ஸில் இருந்தால் வேண்டாம். கேபிளை வெட்டி வெட்டி அளவீட்டுக் கருவியில் நல்ல எண்ணை வரவழைப்பவர், பெரும்பாலும் ஆன்டெனாவில் உள்ள குறையை மறைக்கிறார்.

கடைசியாக, கம்பியை எப்படித்தான் வெட்டுவது?

கணக்கில் வந்ததைவிட இரண்டு மூன்று விழுக்காடு கூடுதலாக வெட்டி, கட்ட வேண்டிய இடத்தில், கட்ட வேண்டிய உயரத்தில் கட்டிய பிறகே அளக்க வேண்டும். மாடித் தரையின் கம்பிக் கான்கிரீட்டும், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் ஒத்ததிர்வை நகர்த்தும். தரையில் கிடத்தி அளந்த எண்ணால் பயனில்லை. ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ நானோ வி.என்.ஏ. கருவியோ இருந்தால், எந்த அதிர்வெண்ணில் ஆன்டெனா இசைகிறது என்று பார்த்து, விகிதக் கணக்கு போடலாம். 20.5 மீட்டர்க் கம்பி 6.95 மெகாஹெர்ட்ஸில் இசைந்தால், 7.1-க்குக் கொண்டுவரத் தேவையான நீளம் 20.5-ஐ 6.95-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் வரும் 20.07 மீட்டர், ஆகவே குறைக்க வேண்டியது மொத்தம் 43 சென்டிமீட்டர், ஒவ்வொரு பக்கமும் 21 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதையும் உடனே வெட்டிவிடாமல், நுனியை மடித்துக் கம்பியோடு கம்பியாக இறுக்கமாக முறுக்கி மறுபடி அளந்துவிட்டு, எண் நிலைத்து நின்ற பிறகு வெட்டுவது நல்லது.